எண்ணெய் தீரும்வரை சுற்றிய விமானம்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் பந்தய மோட்டார் சைக்கிளை முடுக்கிப் பார்த்தார். நீலப் புகை என் சமையலறை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. வேறு புகையாக இருந்தால் திட்டிக்கொண்டே சாத்தியிருப்பேன். இது கருகிய விளக்கெண்ணெய். பந்தயக்காரர்கள் இன்னமும் அதைப் பெட்ரோலில் கலக்கிறார்களாம். ஜன்னலின் மற்றக் கதவையும் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். கீரை அடிப்பிடித்துப் போனது. நீங்கள் கண்ணை மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. புக்கிட் பெலிம்பிங்கில், இந்த வீட்டில், உங்கள் எஞ்சினைப் பற்றிப் பேச இப்போது என்னைத் தவிர ஆள் இல்லை. அதனால் உங்களிடமே பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் நீங்கள் ரப்பர் ஆலையில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா. புண் கழுவுவதும் கட்டுப் போடுவதும் என் வேலை. ஒரு நாள் ஆள்காட்டி விரலில் ரத்தத்தோடு வந்து நின்றீர்கள்.

"எது வெட்டுச்சு? மிஷினா?"

"ஆகாயக்கப்பல்."

கேலி செய்கிறீர்கள் என்று நினைத்து மருந்தைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினீர்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய எஞ்சின். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார உதவி மேனேஜர், நாமெல்லாம் சின்ன துரை என்று சொல்வோமே அவர், உடைந்த பொம்மை விமானத்தோடு அதையும் உங்களிடம் விட்டுப் போயிருந்தார்.

"பேட்டரி வேணாம், பிளக் வேணாம். ஈதரு, விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய் மூணையும் சமமாக் கலந்து ஊத்தி, முன்னால இருக்கற விசிறிய விரலால சுண்டினா ஓடும்" என்றீர்கள்.

அந்த மூன்றில் இரண்டு என் அலமாரியில் இருந்தன. நீங்கள் கேட்கவில்லை. அடுத்த வாரம் பாட்டில்களின் அடியில் மிஞ்சியதை நானாகத்தான் ஊற்றிக் கொடுத்தேன். இது காதல் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அது மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்திருந்த சமயம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவ லோரிகள். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு வாசலில் காவல் வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களின் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள், காட்டுக்குச் சோறு போய்விடுமோ என்று. ஒரு காலையில் லயம் லயமாகச் சோதனை நடந்தது. உங்கள் கட்டிலுக்கு அடியில் மூன்று பொருள்கள் கிடைத்தன: எஞ்சின், ஈதர் நாறும் ஒரு தகர டப்பா, ஒரு சுருள் மெல்லிய எஃகுக் கம்பி. விமானத்தைக் கையில் பிடித்து வட்டமாகச் சுற்ற விடுவதற்கான கம்பி அது. இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு அது வெடி வைக்கும் கம்பி. விமானத்தைக் காட்டியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ. நீங்கள் ஒட்டிச் சரிசெய்திருந்த அது முந்தின வாரமே தரையில் மோதிச் சுள்ளியாகி அடுப்பில் எரிந்துபோயிருந்தது.

"இத வச்சிக்கிட்டு ஆகாயக்கப்பல் விடுறியா? யாருகிட்ட கதை விடுற?" இன்ஸ்பெக்டர் நம் ஆள்தான், தமிழிலேயே கேட்டார். ஈதர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார். அதற்கு மட்டும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் நானும் திறக்கவில்லை. அதை இன்றும் மறைக்கப் போவதில்லை. பயம்தான். நான்காம் நாள் ஆஸ்பத்திரிச் சேலையோடு போலீஸ் நிலையத்துக்கு நடந்தே போனேன்.

"ஈதர் நான் குடுத்தது சார். விளக்கெண்ணெயும் நாந்தான்."

"ஒன்ன யாரும்மா இங்க கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. அதான் வந்தேன்."

எழுதிக்கொண்டார்கள். ஆனால் அதனால் ஒன்றும் மாறவில்லை. விசாரணை கிடையாது, வழக்கு கிடையாது. உங்களைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு ஆஸ்பத்திரி வேலை போனது. புல்வெட்டும் கும்பலில் சேர்ந்தேன். மண்டோராக ஆள்களை மேய்த்துக்கொண்டிருந்த என் அப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "பேரு கெட்டுப் போச்சே மேரி" என்றார். "வேலைதாம்பா போச்சு, பேரு அப்படியேதான் இருக்கு" என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து நீங்கள் திரும்பி வந்தீர்கள். கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. பழைய சிநேகிதர்கள் உங்களைப் பார்த்ததும் குழாயடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. என்னிடம் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை நலமா என்பதல்ல.

"எதுக்குப் போய்ச் சொன்ன?"

"நீங்க எதுக்குச் சொல்லாம இருந்தீங்க?"

நமக்கு நடந்த நிச்சயதார்த்தம் அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அப்பா வந்தார், மாதா கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆலையில் உங்களைத் திரும்பப் பிட்டராக எடுக்கவில்லை. எண்ணெய்ப் பீப்பாய் உருட்ட விட்டார்கள். வாராவாரம் போலீஸ் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் தலை குனிந்து போட்டுவிட்டு ஓடி வருவார்கள். நீங்கள் ஒவ்வொரு வாரமும் பேனாவை வைத்துவிட்டு, "என் எஞ்சின் எங்க சார்?" என்று கேட்டீர்கள். முதலில் அதட்டினார்கள். பிறகு சிரித்தார்கள். மேசையிலிருந்த மலாய்க்கார சார்ஜெண்ட், "சூடா லா தம்பி" என்று கையை ஆட்டுவாராம், போதும் விடு என்று. ஏழு மாதம் ஆனது. ஒரு நாள் அவரே சாமான் அறைக்குள் போய்த் தேடி, பழைய பேப்பரில் சுற்றி மேசைமேல் வைத்தார். "பெசி புரோக்" என்றார். பெற்றுக்கொண்டதாக எழுதும் தாளிலும் அப்படித்தான் இருந்தது: பழைய இரும்பு ஒன்று. நீங்கள் அதை அடித்துவிட்டு, எஞ்சின் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். சார்ஜெண்ட் அதைப் படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாராம்.

பேப்பரைப் பிரித்தபோது எனக்கே அழுகை வந்தது. உள்ளே இருந்த விளக்கெண்ணெய் காய்ந்து பழுப்பு நிறப் பிசினாக இறுகியிருந்தது. விசிறி ஓர் இம்மிகூடத் திரும்பவில்லை. தலைமேல் இருக்கும் திருகும் இறுகிவிட்டது. ஆணிகளில் துரு.

"செத்துப் போச்சுங்க" என்றேன்.

"சாகல. ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ரெண்டும் வேற வேற."

நான் அவசரத்தில் குறடு ஒன்றை எடுத்து விசிறியின் அச்சைப் பிடித்துத் திருகப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். "குறடு வச்சா குறடுதான் மேரி ஜெயிக்கும். எஞ்சின் ஒடஞ்சிடும்."

மண்ணெண்ணெய் அந்தப் பிசினை அசைக்கவில்லை. ஸ்பிரிட் கரைக்கும் என்று எனக்குத் தெரியும். விளக்கெண்ணெய் பட்ட கண்ணாடிக் குடுவைகளை ஆஸ்பத்திரியில் அதில்தானே துடைப்பேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி எஞ்சினை முங்க வைத்தோம். தினமும் ஸ்பிரிட் டீத்தண்ணி நிறமாக மாறும், கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுவோம். ஆறாம் நாள் வெளியே எடுத்து, நன்றாக உலர விட்டு, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின் மூடிமேல் வைத்துச் சூடேற்றினோம். நீங்கள் புதிய எண்ணெய் நாலு சொட்டு விட்டு, துணியால் பிடித்து விசிறியை இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு. சூடு ஆறினால் மறுபடி பெட்டிமேல். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. எண்ணெய் போகும் துளையை ஊசி மருந்துக் குழாயில் இருக்கும் மெல்லிய கம்பியால் நான் குத்தி எடுத்தேன். மூன்றாவது ஞாயிறு மதியம் விசிறி ஒரு நெல்லளவு நகர்ந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். பிறகு அரைச் சுற்று. பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்ன உறிஞ்சல் சத்தம், குழந்தை பால் குடிப்பது போல. காற்றை இழுக்கிறது! நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் கூப்பிடவில்லை.

லேசான ஜெலுத்தோங் மரத்தைச் சீவிப் புது விமானம் செய்தீர்கள். ஈதருக்கு நான் கோலாலம்பூர் மருந்துக்கடைக்குப் போனேன். என்னத்துக்கு என்று கடைக்காரர் கேட்டார். "விமானம் விட" என்று சொல்லி, புத்தகத்தில் என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

பறக்க விடப் போகிற செய்தி தோட்டத்து ஆபீசுக்கு எட்டியது. அங்கே கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கே வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், கணக்கிலும் பேச்சிலும் நிதானமானவர். "தம்பி, உம்மட நன்மைக்குத்தான் சொல்லுறன். பெரிய துரைக்கு இது பிடிக்கேல்லை. தோட்டத்தை விட்டே அனுப்பிப்போடுவினம்."

"அனுப்பட்டும் ஐயா. நான் என்ன செஞ்சேன்னு எல்லாரும் ஒரு தடவை பாத்துடட்டும்."

ஞாயிறு பின்னேரம், வேலிக்கு உள்ளே இருந்த பந்துத் திடல். விமானத்தின் வாலை நான் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். நீங்கள் விசிறியைச் சுண்டினீர்கள். இருமியது, நின்றது. திருகைக் கால் சுற்று இறுக்கினீர்கள், சுண்டினீர்கள். அதே விரல் மறுபடி வெட்டுப்பட்டது. லயத்து வாசல்களில் ஆள்கள் நின்றார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை. நாற்பது தடவையாவது இருக்கும். அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள், அந்தக் கூச்சல்! புகையும் எண்ணெய்ச் சாரலும் என் முகமெல்லாம். நீங்கள் திடல் நடுவுக்கு ஓடிக் கம்பியின் கைப்பிடியை எடுத்தீர்கள்.

அதே நேரம் போலீஸ் ஜீப் வந்து நின்றது. அதே இன்ஸ்பெக்டர்.

"விடாதம்மா! அப்பிடியே பிடி!" என்று கத்தினார்.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கையை உயர்த்தவில்லை, தலையை ஆட்டவில்லை. "உன் இஷ்டம் மேரி" என்று மட்டும் சொன்னது உதட்டசைவில் தெரிந்தது.

விட்டேன்.

தரையில் பத்தடி ஓடி எழும்பியது. உங்களைச் சுற்றி, உங்கள் தலை உயரத்துக்கு, அதற்கும் மேலே. இன்ஸ்பெக்டர் திடலுக்குள் கால் வைத்தார், விமானம் அவர் தொப்பியை உரசுவது போலப் போனது, பின்னுக்கு நகர்ந்தார்.

"நிறுத்து! நிறுத்துடா!"

"நிறுத்தற சுவிட்சு இதுல இல்ல சார்! எண்ணெய் தீந்தாத் தானா நிக்கும்!"

நாலைந்து நிமிஷம். துப்பாக்கி வைத்திருந்த ஒரு மனிதர், திடலின் கோட்டுக்கு வெளியே நின்று காத்திருந்தார். லயத்திலிருந்து முதலில் ஒரு பெண்பிள்ளை வந்தாள், பிறகு பால்மரம் வெட்டும் ஆள்கள், பிறகு என் அப்பா. குழாயடியில் உங்களைக் கண்டு நகர்ந்தவர்கள்கூட வந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். நீங்கள் சிரிக்கவில்லை; சுற்றிக்கொண்டே இருந்தீர்கள்.

எண்ணெய் தீர்ந்து அது புல்லில் இறங்கியபோது இன்ஸ்பெக்டர் போய் எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"இதானா அது?"

"இதான் சார். ரெண்டு வருஷம்."

அவர் அதைக் கவனமாகத் தரையில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அந்த வாரமே லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. கொண்டுவந்த கிராணி நம் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சாமான் ஏற்ற லோரி அவர்தான் பிடித்துக் கொடுத்தார். இங்கே வந்தோம். கோலா சிலாங்கூரில் படகு எஞ்சின் பழுதுபார்த்து, யாருக்கும் கைகட்டாமல் கடைசிவரை இருந்தீர்கள். அவசரகாலம் முடிந்தது. உங்களுக்கு ஒரு வரி மன்னிப்பு எவரும் எழுதவில்லை. நீங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. நான் எதிர்பார்த்தேன், இப்போதும் கோபம்தான்.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி வந்தாள், அந்தக் காலத்துத் தோட்டத்துக் கதைகளைச் சேகரிக்கிறாளாம். எல்லாவற்றையும் சொன்னேன். முடிவில் தயங்கித் தயங்கி, "அம்மா, பிரச்சனை வேணாம்லா, பேரெல்லாம் மாத்திப் போட்டுடவா?" என்று கேட்டாள்.

"மாத்தாத. அவர் பேரு, அவங்க அப்பா பேரு, என் பேரு, எல்லாம் முழுசா போடு" என்றேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். நல்ல பிள்ளை, பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள். அதை வாங்கி வைத்துவிட்டு என் பேனாவை அவள் கையில் கொடுத்தேன்.