வானத்துப் படத்தில் இசக்கியின் தேக்கு

பங்குனி 5, புதன்

வெயில். ஐந்தருவியில் பாறை மட்டும். கல்லூரியிலிருந்து வந்த மலர் என்ற பெண்ணுக்கு மலையடிவாரத்தில் வழி காட்டும் வேலை. செயற்கைக்கோள் எடுத்த படம் அவள் கையில். எது காடு, எது தோப்பு என்று மேலே இருந்து தெரிந்ததை, நேரில் நடந்து சரிபார்க்க வேண்டுமாம்.

படத்தின் ஓரத்தில் எழுத்து. காடு. தோப்பு. வயல். நானே வாசித்தேன்!

"தாத்தா, சூப்பர்."

போன வருஷம்தான் முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன் என்றேன். வீடு வரை சிரிப்பு.

பங்குனி 6, வியாழன்

செருப்பு வார் அறுந்தது. கால் வலி.

இரண்டு படம் காட்டினாள். மழைக்காலத்துப் படத்தில் மலைச்சரிவு முழுக்க ஒரே பச்சை. இந்த மாதத்துப் படத்தில் நடுவே பழுப்பாக ஒரு துண்டு. நேரான ஓரம்.

"இந்தக் காட்டு மரம் மொத்தமா இலை உதிர்க்காது தாத்தா. இது மட்டும் ஏன் இப்படி?"

எனக்குத் தெரியும். என் தம்பி இசக்கி. அரசாங்கக் காட்டைத் திருட்டுத்தனமாக வெட்டிவிட்டு அவன் வைத்த தேக்கு. மழையில் காட்டோடு காடாக நிற்கும். வாயைத் திறக்கவில்லை. அவளே நடந்து போனாள். தரை முழுக்கக் காய்ந்த தேக்கிலை. மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

பங்குனி 20, வியாழன்

காலையில் மலரின் படத்தோடு வனத்துறை ஆட்கள். ரம்பச் சத்தம். தேக்கு ஒவ்வொன்றாகச் சாய்ந்தது.

சாயங்காலம் என் வீட்டு முற்றத்தில் இசக்கி, அரிவாளோடு. முதல் வெட்டு என் ஆட்டுக்கு. தலை தொட்டியடியில் உருண்டது.

"எண்ணே, காட்டிக் குடுத்துட்டியே! நாலு எழுத்து படிச்ச திமிரு!"

"நான் சொல்லலைலே. இலை உதிர்ந்தது மேல இருந்து தெரிஞ்சிருக்கு."

"வானத்துல இருந்து எவன் பாக்கான்? அவகூட நடந்தது நீதான?"

அரிவாள் இறங்கியது. இடது கையை நீட்டினேன். இரண்டு விரல் மண்ணில். என் வீட்டுக்காரி மாடத்தி உலக்கையோடு ஓடி வந்தாள்.

"மைனி, தள்ளு! ஒன்னையும் வெட்டிருவேன்!"

"வெட்டுலே பாப்போம்!"

உலக்கை அவன் வாயில் விழுந்தது. பல்லையும் ரத்தத்தையும் துப்பிக்கொண்டே ஓடினான்.

பங்குனி 22, சனி

தென்காசி ஆஸ்பத்திரி. இட்லி கல் மாதிரி. மின்விசிறி ஓடவில்லை. வலது கைக்கு ஒன்றுமில்லை. எழுதுகிற கை! நினைக்க நினைக்கச் சந்தோஷம்.

மாடத்தி பக்கத்துக் கட்டில்காரியிடம்: "வெரலு ரெண்டு போயிருக்கு, பல்லைக் காட்டுதாரு பாரு."

மலர் வந்து அழுதாள். போனில் படத்தைப் பெரிதாக்கி என் வீட்டுக் கூரையைக் காட்டினாள். வெள்ளைப் புள்ளி. அதன் முற்றத்தில்தான் என் விரல் விழுந்தது.

பங்குனி 23, ஞாயிறு

இசக்கி மகன் குமார் வந்தான். வெளியூரில் போலீஸ் வேலை. ஒரு தாள், மைப்பெட்டி.

"பெரியப்பா, நமக்குள்ள எதுக்கு கேசு? எப்பவும் போல இங்கன ஒரு கைநாட்டு வையுங்க."

தாளை வாங்கினேன். எழுத்து எழுத்தாகச் சத்தமாக வாசித்தேன். வெகு நேரம். அவனுக்கு வியர்த்தது.

"தேங்காய் வெட்டும்போது கை தவறி..."

"ஒங்களுக்கு இவ்வளவு வாசிக்க வருமா?"

மைப்பெட்டியை மூடினேன். பேனா கேட்டேன். தரவில்லை. மாடத்தி தந்தாள்.

தாளில் அந்தத் தேங்காய் வரியை அடித்தேன். மேலே எழுதினேன்: இசக்கி வெட்டினான். என் தம்பி. கீழே என் முழுப்பெயர்.

தேக்கை நான் காட்டிக் கொடுக்கவில்லை. இதை, நான்தான்.