மண்கல் விடுதியும் முப்பத்தாறு துளைகளும்

செப்டெம்பர் 12, வியாழன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. கண், காது, சோற்றுப் பெட்டி, எல்லாவற்றிலும் தூசி. கல்லடியிலிருந்து கம்பஸ் வந்துசேர இன்று மூன்று சென்றியில் ஆமிச் சோதனைக்கு இறங்கி ஏற்றம். பஸ்ஸில் பக்கத்துச் சீற் அம்மா: "இறங்கி இறங்கியே என்ட சீலைக்கரை தேஞ்சு போச்சு."

மாணவிகள் விடுதி. சுவர் கட்டில் மட்டத்துக்கு வந்துவிட்டது. சீமெந்து கொண்டுவர ஆமியிடம் அனுமதி கேட்டு எழுதிய கடிதம் நாலு, பதில் இல்லை. ஆகவே மண்கல். கம்பஸ் காணி மண், வாவிச் சிப்பி சுட்ட சுண்ணாம்பு கொஞ்சம், கை மெசினில் அழுத்தி நிழலில் காயவிட்டது. செங்கல் சூளை வேண்டாம், விறகு வேண்டாம், ஆமிப் பாஸ் வேண்டாம். பீடாதிபதிக்கு நான் சொன்ன நியாயம் அவ்வளவுதான். உள்ளே இருக்கிற ஆசை வேறு. இந்த வெக்கைக்குச் சீமெந்துப் பெட்டி கட்டி அதற்குள் பிள்ளைகளை வைப்பது பாவம் என்று கம்பஸ் கட்டட வேலைப் பகுதியில் சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறேன். கேட்க ஆள் இல்லை. இப்போது யுத்தம் கேட்க வைத்திருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படலாமா தெரியவில்லை. படுகிறேன்.

வாங்க: சணல் கயிறு, இவருக்கு இருமல் மருந்து, தேங்காய் 2, பென்சில்.

செப். 16, திங்கள்

கல் சுமக்க மாணவிகள் ஐந்து பேர் தாங்களாகவே வந்தார்கள். விரிவுரை மண்டபத்தில் பாய் போட்டுப் படுக்கிற பதினாலு பேரில் இவர்களும். பெரிய வாய் கோமதிக்கு. இரண்டாம் வருடம், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பிள்ளை. தலையில் இரண்டு கல், வாயில் ஓயாத கதை.

இன்று மட்டும் கதை குறைவு. கேட்டதற்குச் சொன்னாள். மாதக் கடைசிக்குள் இருக்க ஒழுங்கான இடம் இல்லாவிட்டால் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். மண்டபத்தில் படுக்கிற பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று அவர் கேட்கிறார். நியாயம்தான். பாதை என்கிற மிதவையில் ஏறி வாவி கடந்து, சென்றி கடந்து, பஸ் பிடித்துத் தினமும் வந்துபோக முடியாது. போனால் போனதுதான்.

முப்பதாம் திகதிக்குள் முடிப்போம் என்றேன். அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றும் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"மண்ணால கட்டுற எண்டு அப்பாட்ட சொல்லல்ல மிஸ். எங்கட வீடே மண் வீடுதானே. கம்பஸுக்குப் போனா மகள் கல்வீட்டில இருப்பாள் எண்டு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கார்."

எனக்குத் தைத்தது. இத்தனை வருடப் பேச்சில் இந்த மனிதரை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பகல் முழுக்க அதே யோசனை. மட்டப்பலகையை எங்கோ வைத்துவிட்டு அரை மணி தேடினேன்.

செப். 19, வியாழன்

துளை வேலை. வாவிப் பக்கச் சுவரில், காற்றுக்கு. கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. கட்டில் மட்டத்தில் தொடங்கி நெஞ்சு மட்டம் வரை. படுத்தால் முகத்தில் வாவிக் காற்று. வரைபடத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பெருமையாகவே இருக்கிறது.

மேசன் யோசேப் அண்ணனுக்கு (தன்னாமுனை, இனி யோ.) பிடிக்கவில்லை. காற்றோடு எலியும் வரும் என்கிறார். கம்பி வலை அடிப்போம் என்றேன். கம்பி வலையை எந்தச் சென்றியால் கொண்டுவருவது என்று கேட்டார். சரி, பனையோலைப் பின்னல். கோமதி பின்னித் தருவாளாம்.

மத்தியானம் யோ. வீட்டுக் கணவாய்க் கறி. பங்கு கிடைத்தது.

செப். 21, சனி

ஆமிக்காரர் வந்தார்கள். ஓர் அதிகாரி, தமிழ் தெரிந்த ஒருவர், இன்னும் நாலு பேர். யோ. சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளை மண்டபத்துக்கு அனுப்பினேன்.

விசயம் இதுதான். வாவிக்கு அப்பால் இருக்கிற காவலரணிலிருந்து தூரக்கண்ணாடியில் பார்த்திருக்கிறார்கள். நீட்டுச் சுவர், மண் நிறம், மூன்று வரிசை ஓட்டை, எல்லாம் அவர்களைப் பார்த்தபடி. கம்பஸுக்குள் யாரோ சுடுவதற்குப் பங்கர் கட்டுகிறார்கள் என்று முடிவு.

காற்று, வெக்கை, விடுதி, எல்லாம் சொன்னேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு குனிந்து ஒரு துளையில் கண்ணை வைத்தார். நேரே அவருடைய காவலரண். செவ்வாய்க்கிடையில் துளை இருக்கக்கூடாது, இருந்தால் சுவர் இருக்காது என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். பங்கர்தான். யார் பார்த்தாலும் பங்கர்தான். ஆறு வருடமாகத் தினமும் அப்படியான சுவர்களைத் தாண்டி வேலைக்கு வருகிறவள் நான். அளவு உட்பட அப்படியே கீறியிருக்கிறேன், கீறும்போது காற்று மட்டும்தான் கண்ணில் தெரிந்திருக்கிறது. வெட்கம்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். முதலில் பயந்தார், பிறகு சிரிப்பை அடக்கப் பார்த்தார். "காத்தோட்டமான பங்கர் கட்டின முதல் ஆள் நீதான் புள்ள." சண்டை பிடித்தேன். பிறகு நானும் சிரித்தேன், கண்ணீர் வருமட்டும்.

செப். 22, ஞாயிறு

யோ. பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேரே வேலைத்தளத்துக்கு. வரச் சொல்லவில்லை. நானும் வருவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடைத்தால் அறை வேகும். அடைக்காவிட்டால் அறையே இல்லை. கோமதிக்கு இன்னும் எட்டு நாள்.

யோ. கூரைத் தாவாரம் வரப்போகிற உயரத்தைக் காட்டினார். "துளையை அங்க ஏத்துவம் மிஸ். அங்கயிருந்து சுடுறெண்டா ஏணி வெச்சுத்தான் சுடணும்."

சூடு மேலேதான் ஏறும். மேலே துளை, கீழே முற்றத்துப் பக்கம் யன்னல்; வெக்கை மேலால் போகும், குளிர்ந்த காற்று கீழால் வரும். நான் வரைந்ததைவிட நல்லது. இதைப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான், எட்டாம் வகுப்போடு நின்றவர் யோ. சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, சட்டையைக் கழற்றி மரக்கொப்பில் கொழுவிவிட்டு மண் குழைக்கத் தொடங்கினார். இந்த மனிதர் இல்லாவிட்டால் நான் வெறும் கடதாசி. தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டுக் கொடுத்தேன்.

செப். 24, செவ்வாய்

கீழ்த் துளைகள் அடைத்தாயிற்று. மேலே ஒற்றை வரிசை. அதிகாரி வந்தார், அண்ணாந்து பார்த்தார், ஏதோ சொன்னார். தமிழ் தெரிந்தவர் எங்களிடம்: "குருவி கூடு கட்டுமாம்." போய்விட்டார்கள்.

அடியில் முழங்காலில் நின்று பூசிக்கொண்டிருந்த யோ.வுக்கு எழும்ப நேரமெடுத்தது. செபமா, முழங்கால் வலியா, கேட்கவில்லை.

செப். 28, சனி

கூரை வேலை. பனை வளை, சலாகை, பழைய களஞ்சியத்தில் இறக்கிய ஓடு. ஒரு மூலைக்கு ஓடு போதவில்லை, தென்னோலைக் கிடுகு. அழகில்லை. பரவாயில்லை.

பதினாலு கட்டிலும் உள்ளே. யன்னலோரம் யாருக்கு என்று பெரிய வழக்கு. திருவுளச் சீட்டில் கோமதிக்கு விழுந்தது. துள்ளினாள், பிறகு அப்பா நினைவு வந்து அடங்கிவிட்டாள்.

செப். 30, திங்கள்

கச்சான் நின்றுவிட்டது. காலையிலேயே புழுக்கம், கிழக்கே வானம் கறுப்பு. பதினொரு மணிக்கு அவர் வந்தார். கோமதியின் அப்பா, கணபதிப்பிள்ளை. வெள்ளைச் சாரம், தோளில் துவாய், மகளின் சாமான் போட்டுக்கொண்டு போக ஓர் உரப்பை. விடியமுன் வெளிக்கிட்டவராம்.

சுவரை நகத்தால் சுரண்டினார். நகத்தைப் பார்த்தார்.

"மண்தானே மிஸ்."

எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். ஓம் என்றேன்.

"என்ட வீட்டில இல்லாத மண்ணா?"

கோமதி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யோ.தான் சமாளித்தார், வந்த மனிசன் பசியோடு போகக்கூடாது, சோறு வருமட்டும் உள்ளே இருங்க என்று. வெளியே ஆளை அவிக்கிற வெயில். உள்ளே மகளின் கட்டில் விளிம்பில் விறைப்பாக இருந்தார். ஐந்து நிமிடம் கழித்துச் சுவரில் சாய்ந்தார். பிறகு பார்த்தால் நித்திரை. வாய் திறந்தபடி, துவாய் நழுவி, குழந்தைப் பிள்ளை மாதிரி. நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம். எழுப்ப வேண்டாம் என்று கோமதி கையைக் காட்டினாள். சோறு ஆறியது.

எழுந்து சாப்பிட்டார். வெளியே போய்க் கட்டடத்தைச் சுற்றி ஒரு சுற்று. வாவிப் பக்கம் குந்தி, தாவாரத்தைப் பார்த்து, நிலத்தைப் பார்த்து, பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல ஏச்சு.

"மேல மேல பார்த்துக் கட்டியிருக்கிறீங்க. தாவாரத் தண்ணி எங்க விழும்? சுவரடியில. எங்க போகும்? போக வழியில்ல. பத்து நாள் மாரிக்கு அடி கரைஞ்சு போகும். வட்டைக்குள்ள வயலுக்குத் தண்ணி கட்டுற என்னைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே."

யோ. என்னைப் பார்த்தார், நான் யோ.வைப் பார்த்தேன். வடிகான் வரைபடத்தில் இருக்கிறது. துளைப் பிரச்சினையில் இரண்டு பேரும் சுத்தமாக மறந்துபோனோம்.

மண்வெட்டி கேட்டார். நாளைக்கு ஆள் வைத்து வெட்டுகிறோம் என்றேன். நாளைக்கு மழை என்றார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூலையில் தொடங்கினார். நேர்க்கோடு, ஒரே ஆழம், வாவிப் பக்கம் சரிவு. நூல் பிடிக்கவில்லை. யோ. மற்ற மூலையில்.

மூன்றரைக்குக் கோமதி மெதுவாகக் கிட்டப் போய், கடைசிப் பாதை போய்விடும் என்று நினைவூட்டினாள். போகட்டும், நாளைக்குப் போறன், தன்னாமுனையில் இந்த அண்ணன்ட வீட்டில் கிடக்கிறன் என்றார். அவள் அங்கேயே நின்றாள், நகரவில்லை. அவர் நிமிராமல் சொன்னார்:

"இங்க என்ன பார்க்கிறாய் மகள்? உள்ள போய்ப் படி."