வகுப்பில் பேசுகிறாள்

என் அன்பானவருக்கு,

நாங்கள் நலம். உங்கள் இருமல் விட்டதா? கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் மகளைப் பற்றிப் புகார் சொல்ல ஆசிரியை இன்று என்னைப் பள்ளிக்கு அழைத்தார். வகுப்பில் ஓயாமல் பேசுகிறாளாம். பிறந்ததிலிருந்து ஒரு சொல்லும் வாய் திறந்து சொல்ல முடியாத பிள்ளை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். வெளியே வந்து நான் சிரித்த சிரிப்பைப் பார்த்துக் காவலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் அவளுக்காகப் பேசுமே, அந்தச் செயலி போன மாதம் திறக்கவே இல்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். அதை நிறுத்திவிட்டோம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. குழந்தை தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மாடி வீட்டு அக்கா நிரல் எழுதுகிறவர் அல்லவா, அவர்தான் வேறொன்றைப் போட்டுத் தந்தார். கட்டற்ற மென்பொருளாம். ஓசியா என்று கேட்டேன். “விலையப் பத்தின பேச்சே இல்லம்மா. எப்படி வேலை செய்யுதுன்னு திறந்து பாக்கலாம், பிடிக்கலன்னா மாத்தலாம். நம்மகிட்ட இருக்கறத யாரும் வந்து பூட்ட முடியாது” என்றார்.

முதலில் அது செய்தி வாசிப்பவர் போல, ‘எனக்குப் பசி ஏற்பட்டுள்ளது’ என்றது. குழந்தை முகத்தைச் சுளித்தாள். அக்காவும் நானும் உட்கார்ந்து மாற்றினோம். உங்கள் தங்கை மகளைக் கூப்பிட்டு அவள் குரலைப் பதிவுசெய்தோம். ‘பசிக்குதும்மா.’ ‘எனக்கு வேணாம் போ.’ ‘நீ கள்ளாட்டம் ஆடற.’ இந்தக் கடைசி ஒன்றுதான் வகுப்பில் ஓயாமல் கேட்கிறதாம். எழுத்துகளைக் கோத்து அவளே சொந்தமாகச் சொல்லவும் வழி வைத்திருக்கிறோம்.

பள்ளியில் இன்னொரு பிள்ளையின் அப்பா தன் மகனுக்கும் வேண்டும் என்றார். கொடுக்கலாமா என்று தயங்கினேன். “தாராளமா குடும்மா, அதுக்கும் உரிமை இருக்கு” என்றார் அக்கா. அந்தப் பையனுக்குக் கை நடுங்கும். அவன் அப்பா படங்களைப் பெரிதாக்கி, தவறித் தொட்டால் திருத்திக்கொள்ள ஒரு பொத்தானும் சேர்த்து எங்களுக்கே திருப்பித் தந்தார். இப்போது நம் மகளும் அதைத்தான் வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னோடு பேசிவிட்டு வைத்துவிடாதீர்கள். அவளிடம் கொடுப்பேன். எழுத்தைத் தேடித் தொட அவளுக்கு நேரமாகும். சத்தமே இல்லையே, லைன் போய்விட்டதோ என்று ‘ஹலோ, ஹலோ’ என்று அவசரப்படுத்த வேண்டாம். கொஞ்சம் பொறுத்திருங்கள். அவள் சொல்லி முடிக்கட்டும்.

உங்கள் நலமே வேண்டி,
உங்கள் வீட்டுக்காரி