களிம்பு ஏறிய சங்கிலி

என் செல்ல மலரக்கா,

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? பெரம்பலூரில் உன்னை வேலையை விட்டுத் துரத்தினாரே, அந்தத் தாளாளர்தான். தட்டில் பழம் வைத்து, பல்லைக் காட்டி, நானே போய் அழைத்தேன். நான் யார் தங்கச்சி என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா பெயரை மறந்த மனிதருக்குத் தங்கச்சி முகமா நினைவிருக்கும்?

வாலிகண்டபுரத்துப் பக்கம் இந்த அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு உலோகப் பாடம் நான்தான் எடுக்கிறேன். நீ பாடம் எடுத்த வழிதான். ஆளுக்கொரு பொருள் வீட்டிலிருந்து வர வேண்டும். ஆணி, ஈயம் பூசிய பித்தளைச் சட்டி, வயரிலிருந்து உரித்த செம்புக் கம்பி எல்லாம் வரும். தங்கம் மட்டும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். நாம் பட்டது போதும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தாளாளரின் பேத்தி, தன் அம்மாவின் சங்கிலியை எடுத்து வந்து நீட்டினாள். நீ கொக்கியைப் பார்த்துவிட்டு, "பாப்பா, இது தங்கமில்லடா. உள்ள செம்பு, மேல பூச்சு. தங்கத்துல களிம்பு ஏறாது, பாரு எப்படிப் பச்சையா இருக்கு" என்று வகுப்புக்கே காட்டினாய். ஏன்க்கா, அன்றைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? மறுநாள் காலை, அசல் சங்கிலியை எடுத்துக்கொண்டு கவரிங்கை மாற்றி வைத்துவிட்டாய் என்று சொல்லி, பிள்ளைகள் பார்க்க உன் பையைத் தரையில் கொட்டினார்கள். மூன்றாம் வருடம் நீ போய்ச் சேர்ந்தாய். டாக்டர் மஞ்சள்காமாலை என்றார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

சங்கிலிக்குச் சொந்தக்காரி அவருடைய மருமகள். இப்போது புருஷனைப் பிரிந்து அரியலூரில் தாய் வீட்டில் இருக்கிறாள். மூன்று தடவை போனேன். முதல் தடவை கதவையே திறக்கவில்லை. மூன்றாம் தடவை சங்கிலியை அவளே எடுத்து வந்து என் கையில் வைத்து அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. "எங்கிட்ட அழுவாதீங்க. மைக்குல வந்து சொல்லுங்க" என்றேன்.

வந்தாள். தாளாளர் சால்வையோடு ஒவ்வொரு மேசையாகப் பார்த்து வந்தார். உலோக மேசையில் என் பிள்ளைகள் இரும்பு, செம்பு, அலுமினியம் என்று கடகடவென ஒப்பித்தார்கள். கடைசியில் அந்தச் சங்கிலி. அவர் குனிந்து பார்த்த நேரம், மருமகள் மைக்கை வாங்கினாள்.

"மாமா, இது நீங்க எனக்குக் கல்யாணத்துல போட்டது. மூணாம் மாசமே கழுத்து பச்சையாச்சு. அத்தைகிட்ட சொன்னேன். வெளிய சொன்னா குடும்ப மானம் போயிடும், பேசாம போட்டுக்கன்னாங்க. மலர் டீச்சர் எதையும் மாத்தல."

"அது... கடைக்காரன் ஏமாத்திட்டாம்மா" என்றார்.

"கடைக்காரன் ஏமாத்துனதுக்கு எங்கக்கா பையை ஏங்க கொட்டுனீங்க?" என்று கேட்டேன்.

பெற்றவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர் விறுவிறுவென்று காருக்குப் போனார். பொய் சொல்ல மாட்டேன் அக்கா, எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இரண்டே நாளில் சமாதானத்துக்கு ஆள் வந்தது. "ஸ்கூலுக்கு லேப் கட்டித் தராராம். உங்கக்கா பேரையே வெச்சுக்கலாமாம்." அம்மாகூட, "விட்டுரும்மா, செத்தவ திரும்பி வரப்போறாளா?" என்கிறாள். அம்மா சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகக் கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "பிள்ளைங்க நம்பிட்டாங்களாடி?" என்றாய். தூங்குக்கா என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது பதில் கிடைத்திருக்கிறது. உன் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்த லப்பைக்குடிக்காட்டுப் பையன் துபாயில் வேலை பார்க்கிறான். கண்காட்சி விஷயம் காதில் விழுந்து போன் செய்தான். "மிஸ், டீச்சர் அந்தச் சங்கிலிய கையிலயே வாங்கல. அந்தப் பொண்ணு கையிலயே வெச்சுத்தான் காட்டுனாங்க. நாங்க எல்லாரும் பாத்தோம். சொல்லப் பயந்துட்டோம் மிஸ், அல்லாஹ் மன்னிக்கணும்."

நீ திருடினாய் என்று ஒருத்தரும் நம்பவில்லை அக்கா. முப்பத்திரண்டு பிள்ளைகளும் உண்மையை வாய்க்குள் வைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறார்கள். அந்தப் பயத்தை ஊட்டியவரை ஒரு லேப் கட்டித் தப்பிக்க விடுவேனா? அந்த முப்பத்திரண்டு பேர் வீட்டு வாசலுக்கும் அவரை அழைத்துப் போவேன். உங்க டீச்சர் திருடல என்று ஒவ்வொரு வாசலிலும் அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை மன்னிப்பு என்ற பேச்சை யாரும் என்னிடம் எடுக்க வேண்டாம். கனவில் வந்து நீ கேட்டாலும் கிடையாது.

உன் விடாக்கண்டித் தங்கச்சி,
கலா