அப்பாவின் முதுகு

அன்புள்ள மகளுக்கு,

நம்மூர்க் கண்காட்சியில் வைத்திருக்கும் உன் பெட்டியை அப்பா வந்து பார்ப்பாரா என்று கேட்டிருக்கிறாய். தெரியவில்லை. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியும் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் நலம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் முதுகும் நலம். இப்போதெல்லாம் ஊர் அதைத்தான் விசாரிக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தாலே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

கண்காட்சி தொடங்கின முதல் நாளே போய்வந்தேன். இருட்டறை, நடுவில் நீ பார்சலில் அனுப்பிய மரப்பெட்டி, கண் வைக்க ஒரு துளை, பக்கவாட்டில் கைப்பிடி. சுற்றினால் உள்ளே பிலிம் ஓடுகிறது. நீ கிளம்பின அன்று டாக்சி ஜன்னல் வழியாக எடுத்தாயே, அதுதான்: அப்பா கேட்டருகே நிற்கிறார், திரும்புகிறார், வீட்டுக்குள் போகிறார். பிலிமின் தலையையும் வாலையும் சேர்த்து ஒட்டியிருப்பதால் உடனே மறுபடி கேட்டருகே நிற்கிறார், மறுபடி திரும்புகிறார். சுவரில் ‘மறுப்பின் முடிவற்ற சுழற்சி’ என்று எழுதி ஒட்டியிருந்தது. நானும் பல்கலைக்கழகத்தில் படித்தவள்தான், இரண்டு தடவை வாசித்தேன். அடுப்பில் பால் வைத்திருந்ததால் உள்ளே வந்ததாக அன்று அவர் சொன்னார். அடுப்புப் பக்கம் அவர் போகவே இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார். அதை எந்தச் சுவரில் எழுதி ஒட்டுவது? அதற்கப்புறம் அவரும் உன்னை வா என்று கூப்பிடவில்லை, நீயும் வரவில்லை.

சலூன்காரர் அப்பாவிடம், ‘சார், நேத்து உங்களை ஆசை தீரச் சுத்திப் பார்த்தேன்’ என்றாராம். பின்வீட்டு டீச்சர் என்னிடமே வந்து, பெத்த பொண்ணுகிட்ட இப்படி ஒரு கல்நெஞ்சா என்று உச்சுக்கொட்டினாள். அப்பாவிடமிருந்தோ, ஒரு தடவை திரும்பினதுக்கு ஊரையே கூப்பிட்டு என்னைத் திருப்பவைக்கிறா, நல்ல பொண்ணைப் பெத்திருக்கே என்று எனக்கு அர்ச்சனை. இப்போது யாரிடம் விடைபெற்றாலும் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வருகிறார். மருந்துக்கடைப் படியில் தடுக்கி விழப்பார்த்தார்.

கடிதத்தை மறுநாள் தொடர்கிறேன். மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போட்டு வருகிறேன் என்று காலையில் கிளம்பினார். மத்தியானம் கண்காட்சிக் காவலாளி போன் செய்து, ‘உங்க வீட்டுக்காரர் பெட்டியை உடைச்சுட்டாரும்மா, சீக்கிரம் வாங்க’ என்றார். ஓடினேன். கைப்பிடிக்கு மேல் அம்புக்குறி போட்டிருக்கிறாயே, அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறார். அப்படிச் சுற்றினால் வீட்டுக்குள் போனவர் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவார், கேட்டருகே உன் பக்கம் திரும்பி நிற்பார். பின்னால் காத்திருந்தவர்களுக்கு வழிவிடாமல் அதையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். பல்சக்கரம் அதற்கு ஒத்துவரவில்லை, ஒட்டின இடத்தில் பிலிம் அறுந்துவிட்டது. காவலாளி சாதா டேப்போடு நின்றார். இவர் பெட்டியை மறித்துக்கொண்டு, ‘ஒட்டினவ வந்து ஒட்டட்டும், வேற யாரும் கை வைக்கக் கூடாது’ என்றார். வீம்பு என்று காவலாளி நினைத்திருப்பார்.

நீ நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. வரும்போது பிலிம் ஒட்டும் டேப்பை மறக்காதே. இங்கே எந்தக் கடையிலும் இல்லை என்று சாயங்காலமே அப்பா விசாரித்துவிட்டு வந்துவிட்டார்.

இப்படிக்கு,
அம்மா