தக்காளியில் கொழுந்து

ரம்புக்கனை
05.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நான் கத்துகிறேன் என்று நீங்கள் வைத்துவிடுவதால் எழுதுகிறேன். பந்தயத்தை மறக்க வேண்டாம். நீங்கள் நட்ட தக்காளி காய்த்தால், தோட்டத்து லய வீட்டிலேயே இருப்பீர்கள். காய்க்காவிட்டால் என்னோடு வந்துவிடுவீர்கள். நீங்கள் தோற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனாலும் விவசாயம் படித்துவிட்டு, செடி சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காலையில் வேரடியில் தண்ணீர் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். கம்பு நட்டுக் கட்டுங்கள். தேயிலை உரத்தைத் தொடாதீர்கள். அது இலைக்கான உரம்.

விஜயகலா

நிவித்திகல
26.01.2025

தங்கச்சி கலாவுக்கு அக்கா எழுதுறது,

உன் காயிதம் வர்றதுக்கு முந்தியே தேயிலை உரம் போட்டுட்டேன். செடி காடு மாதிரி நிக்குது. கடைக்கார மஹ்ரூப் நானா வந்து பார்த்து, "இலட்சுமி, இது தக்காளியா, கீரையா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு. பூ ஒண்ணும் இல்ல. வாரா வாரம் கொழுந்து மட்டும் எடுத்து விடுறேன். தேயிலைத் தோட்டத்து வேலையில பேர் வெட்டுனதுல இருந்து கை சும்மா இருக்க மாட்டேங்குது.

உன் வீட்டுல எனக்கு என்ன வேலை? நீ படிச்சுக் குடுக்க ஸ்கூலுக்குப் போனா நான் சுவத்தப் பார்த்துக்கிட்டு இருக்கவா?

அக்கா இலட்சுமி

ரம்புக்கனை
02.02.2025

அக்கா,

கொழுந்தா! அது தேயிலை இல்லை. நீங்கள் கிள்ளி எறிவதில்தான் பூ வர வேண்டும். உரத்தை நிறுத்துங்கள். இலைக்கும் தண்டுக்கும் நடுவே முளைப்பதை மட்டும் ஒடித்துவிடுங்கள். நுனியில் கை வைக்காதீர்கள். இனியாவது சொன்னபடி செய்தால் காய்க்கும். நான்தான் தோற்பேன். பரவாயில்லை.

விஜயகலா

நிவித்திகல
09.03.2025

கலா,

நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். செடி பூரா மஞ்சப் பூவு. மஹ்ரூப் நானாவே அசந்து போயிட்டாரு. அப்புறம் என்னவோ, கை தானாப் போயிருச்சு. பூ, நுனி எல்லாத்தையும் கிள்ளிட்டேன். தோத்துட்டேன். பந்தயம்னா பந்தயம்தானே.

பக்கத்துக் காம்பரா வீட்டு இராமசாமி குடும்பமும் டவுனுக்குப் போயிருச்சு. இந்தப் பக்கம் இப்ப நான் மட்டுந்தான். சாயங்காலமானா இடி மழை.

அக்கா

ரம்புக்கனை
14.03.2025

அக்கா,

கை தானாகப் போனதாம்! முற்றின இலையை விட்டுக் கொழுந்தை மட்டும் எடுத்தே முப்பது வருடம் பழகிய கை அது. அதற்குப் பூ எது, இலை எது என்று தெரியாதா? 'கலா, தனியா இருக்க முடியல' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதை எழுத மனம் வராமல், பூத்து நின்ற செடியைப் பாழாக்கியிருக்கிறீர்கள். எனக்கு வருகிற கோபம் கொஞ்சமில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை வான் வண்டி பிடித்து வருகிறேன். சாமானைக் கட்டி வையுங்கள். இங்கே வீட்டுப் பின்வளவில் நல்ல வெயில் விழுகிறது. பாத்தி கொத்தி, தக்காளிக் கன்றும் வாங்கி வைத்துவிட்டேன். என் வீட்டில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, அதுதான் வேலை.

இந்த முறை காய்த்தாலும் நீங்கள் திரும்பிப் போக முடியாது.

கலா