சரசு ராசிபுரம் போனது

1944 ஏப்ரல் 18, செவ்வாய்

விடிந்ததுமே வெக்கை. குழாயில் தண்ணீர் நூலாக. எனக்கு ஒரு குடம்தான் கிடைத்தது. ரேஷன் அரிசி வாரக் கடைசி வரை வராது, நாளை சோளக்களி. ரேஷன் வரிசையில் பின்னால் நின்ற ஒருவர்: “சனம் பெருகிட்டே போவுதுங்க. பூமியும் கூடவே பெருகுமாங்க?”

சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸ், ஒற்றை அறை. ஆறு பிள்ளைகள், நாங்கள் இருவர். கல்யாணமாகி வந்த வருடம் இதே அறையில் பேச்சு எதிரொலிக்கும். அவர் வேலைக்குப் போனதும் பயம். சத்தமாகப் பாடிக்கொண்டே சமைப்பேன். மத்தியானம் கை கால் விரித்துப் படுத்தாலும் சுவர் தட்டாது.

ஏப்ரல் 20, வியாழன்

ராசிபுரத்திலிருந்து அக்கா. தூக்குப்போசி நிறைய நெய். அவளுக்குப் பிள்ளை இல்லை. சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்.

“சரசுவ எனக்குக் குடு, புள்ள. அங்க நெல்லு இருக்குது, கெணத்துல தண்ணி இருக்குது.”

சரசு நான்காவது. ஐந்து வயது. பக்கத்தில் உட்கார்ந்து நெய் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 21, வெள்ளி

அவரிடம் சொன்னேன். அவர்: “அங்கியாச்சும் வயிறாரத் திங்கட்டும்.”

“ஏனுங்க, இனி நமக்கு வேண்டாங்க. ஒண்ணக் குடுத்துப்போட்டு இன்னொண்ணப் பெத்துக்க என்னால ஆவாது.”

இத்தனை வருடத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். “செரி” என்றார். பாயை எடுத்துப்போய் வாசலில் விரித்துக்கொண்டார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

பஸ்ஸில் அக்கா பக்கத்தில் ஜன்னலோர இடம். சரசுவுக்கு ஒரே சிரிப்பு.

“அம்மா, நீ வாரலயா?”

“பொறகு வாரேன், சாமி.”

நம்பிவிட்டாள்.

திரும்பி நடக்கையில் அவர்: “நீ வந்த புதுசுல ஒரு குடம் தண்ணி நமக்கு ரெண்டு நாளைக்கு வரும்.” ஆமாங்க என்றேன். அப்போது நான் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ரயில் பார்க்க நின்றதைச் சொன்னார். நான் மறந்தே போயிருந்தேன்.

சாயங்காலம் பழக்கத்தில் அதே அளவு அரிசி போட்டுவிட்டேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகும் பானையில் ஒரு கைப்பிடி சோறு. பெரியவன் தட்டை நீட்டினான். போட மனம் வரவில்லை. தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன்.